மணிக்கணக்கில் பயிற்சி, கலையாத கவனம்: கோல்ஃப் மேதை பென் ஹோகனுக்கு இது சாத்தியமானது எப்படி?

பயிற்சியில் முதல் இருபது பந்துகள் வரை பிரச்சினை இல்லை. மனசும் கையும் ஒன்றாக இருக்கும். நாற்பது, ஐம்பது என்று போகப் போக கை தானாக அடித்துக்கொண்டிருக்கும். மனசு வீட்டுக்கோ, அலுவலகத்துக்கோ, நேற்று நடந்த சண்டைக்கோ கிளம்பிப் போயிருக்கும். நூறு பந்து அடித்து முடித்துவிட்டு யோசித்தால், எதை எப்படி அடித்தோம் என்று ஒன்றுமே நினைவிருக்காது. கோல்ஃப் ஆடுபவர்கள் எல்லோருக்கும் இந்த அனுபவம் உண்டு. வீணை பழகுபவருக்கும் தேர்வுக்குப் படிப்பவருக்கும்கூட இது புதிதல்ல.

இந்தச் சிக்கலோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டியவர் அமெரிக்காவின் பென் ஹோகன். 'மேஜர்' எனப்படும் பெரும் பட்டங்கள் 9, மொத்தமாக பி.ஜி.ஏ. டூர் போட்டிகளில் 64 வெற்றிகள். ஆனால், கோல்ஃப் உலகம் இன்றும் அவரைப் பேசுவது கோப்பைகளுக்காக மட்டுமல்ல. பயிற்சி என்றால் என்ன என்பதையே மாற்றிக் காட்டியவர் அவர். பிறவித் திறமை என்று யாரும் அவரைச் சொன்னதில்லை. முதல் மேஜர் பட்டத்தை வெல்லும்போது அவருக்கு வயது 34.

அப்படியென்ன செய்தார் அவர்?

பேசாத பையன்

பென் ஹோகன் 1912 ஆகஸ்ட் 13 அன்று டெக்சாஸ் மாநிலத்தின் ஸ்டீபன்வில் நகரில் பிறந்தார். அப்பா செஸ்டர், கொல்லர். மோட்டார் வாகனங்கள் பெருகப் பெருக, குதிரைக்கு லாடம் அடிக்கும் தொழில் படுத்துவிட்டது. குடும்பம் ஃபோர்ட் வொர்த் நகருக்கு வந்தது. 1922 பிப்ரவரியில் செஸ்டர் வீட்டிலேயே தன்னைத் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டு இறந்தார். பென்னுக்கு அப்போது 9 வயது.

இந்தச் சம்பவத்தைப் பற்றி ஹோகன் வெளியே பெரும்பாலும் வாயே திறந்ததில்லை. பிற்காலத்தில் அவரைச் சந்தித்தவர்கள் எல்லோரும் சொன்னது அவருடைய மௌனத்தைப் பற்றித்தான். தன்னைச் சுற்றி ஒரு சுவரை எழுப்பிக்கொண்டு, அதற்குள் வேலை பார்த்த மனிதர் அவர்.

அப்பா போன பிறகு பிள்ளைகளும் சம்பாதிக்க வேண்டிய நிலை. பென் ரயில் நிலையத்தில் செய்தித்தாள் விற்றார். 11 வயதில், கோல்ஃப் மைதானத்தில் மட்டைப் பை தூக்கினால் இதைவிட நல்ல காசு கிடைக்கும் என்று கேள்விப்பட்டு, கிளென் கார்டன் கிளப்புக்குப் பல மைல் நடந்தே போனார். ஆட்டக்காரரின் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடக்கும் பையனை கோல்ஃபில் 'கேடி' என்பார்கள். (நம்மூர் கேடிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை!)

அதே கிளப்பில் பை தூக்கிய இன்னொரு பையன் பைரன் நெல்சன். இருவரும் ஒரே ஆண்டில் பிறந்தவர்கள். 1927 கிறிஸ்துமஸ் சமயத்தில் பை தூக்கும் பையன்களுக்காக நடந்த போட்டியில் இருவரும் சமநிலைக்கு வந்தார்கள். கடைசியில் ஜெயித்தது நெல்சன். பிறகு, கிளப் ஜூனியர் உறுப்பினர் சலுகையைத் தந்ததும் நெல்சனுக்குத்தான். ஹோகன் புல் சரியாக முளைக்காத பொது மைதானங்களைத் தேடிப்போய்ப் பழகினார்.

கைவிட்ட ஸ்விங், காலியான பர்ஸ்

1930-ல், 17 வயதில் ஹோகன் தொழில்முறை ஆட்டக்காரரானார். அடுத்த பத்து ஆண்டுகள் பெரும்பாலும் தோல்விதான். ஊர் ஊராகப் போட்டிக்குப் போவார். காசு தீர்ந்ததும் திரும்பி வந்து கிடைத்த வேலையைப் பார்ப்பார். கொஞ்சம் சேர்ந்ததும் மறுபடி கிளம்புவார்.

பிரச்சினை அவருடைய அடியில் இருந்தது. வலக்கை ஆட்டக்காரர் அடித்த பந்து இடதுபுறமாகச் சட்டென்று வளைந்து, விழுந்த பிறகும் உருண்டு ஓடுவதை 'ஹூக்' என்பார்கள். ஹோகனின் பந்து எந்த நேரத்தில் ஹூக் ஆகும் என்று அவருக்கே தெரியாது. நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் ஆட்டம், ஒரே அடியில் மரங்களுக்குள் காணாமல் போய்விடும்.

1935-ல் வாலரி ஃபாக்ஸைத் திருமணம் செய்துகொண்டார். 1938 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்துப் போட்டிக்கு இருவரும் போனபோது கையில் சொற்ப டாலர்கள்தான் மிச்சம். இங்கேயும் தோற்றால் ஊருக்குத் திரும்பிவிடுவது என்று முடிவு. கடைசி நாள் காலையில் வந்து பார்த்தால், காரின் பின்சக்கரங்களை யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். வேறொருவர் வண்டியில் மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தார் ஹோகன். அன்று ஆடிய ஆட்டத்துக்குக் கிடைத்த பரிசுப் பணம்தான் அவரைத் தொழிலில் தக்கவைத்தது.

தனியாளாக முதல் பெரிய வெற்றி கிடைத்தது 1940 மார்ச்சில், பைன்ஹர்ஸ்டில் நடந்த நார்த் அண்ட் சவுத் ஓபன் போட்டியில். அந்த வெற்றிக்குப் பின்னால் இருந்தது, மற்றவர்கள் கிண்டலாகப் பார்த்த அவருடைய பயிற்சிப் பழக்கம்.

பயிற்சி மைதானத்தில் நடந்தது என்ன?

அந்தக் காலத்தில் தொழில்முறை ஆட்டக்காரர்கள் நீண்ட நேரம் பயிற்சி செய்யும் வழக்கம் இல்லை. ஆட்டத்துக்கு முன்னால் கொஞ்சம் பந்தடித்து உடம்பைச் சூடாக்கிக்கொள்வார்கள், அவ்வளவுதான். ஹோகனோ ஆட்டம் முடிந்த பிறகும் பயிற்சிக்குப் போவார். அன்று எந்த அடி தப்பியதோ அதை எடுத்து வைத்துக்கொண்டு இருட்டும்வரை அடிப்பார். அறைக்குத் திரும்பிய பிறகும் கண்ணாடி முன்னால் நின்று ஸ்விங் செய்து பார்ப்பார். விரிப்பின் மேல் பந்தைத் தட்டிப் பழகுவார்.

நேரத்தைவிட முக்கியம், அந்த நேரத்தை அவர் பயன்படுத்திய விதம். அதைப் பார்ப்பதற்கென்றே மற்ற ஆட்டக்காரர்கள் கூடி நிற்பார்கள்.

முதலாவது, இலக்கு. அப்போது பயிற்சிப் பந்துகளைப் பொறுக்க ஒரு பையன் பையோடு தூரத்தில் நிற்பான். ஹோகனுக்கு அந்தப் பையன்தான் குறி. அவன் பெரிதாக நகராமலேயே எடுக்கும்படி பந்து போய் விழ வேண்டும். குட்டை மட்டையில் தொடங்கி ஒவ்வொன்றாக நீளமான மட்டைக்குப் போவார். பையனும் பின்னால் பின்னால் நகர்ந்துகொண்டே போவான். எங்கே விழுந்தால் என்ன என்று சும்மா அடித்த பந்து என்று ஒன்று கிடையாது.

இரண்டாவது, முடிவு. பந்தின் முன்னால் போய் நிற்பதற்கு முன்பே, அது எந்த உயரத்தில், எந்தப் பக்கம் வளைந்து, எங்கே விழ வேண்டும் என்று தீர்மானித்துவிடுவார். நடுவில் ஏதாவது கவனத்தைக் கலைத்தால் அப்படியே அடிக்க மாட்டார்; மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்.

மூன்றாவது, இடைவெளி. ஒரு பந்து போய் விழும்வரை பார்ப்பார். நினைத்தபடி போனதா, இல்லையென்றால் ஏன் என்று யோசிப்பார். சிகரெட் பிடித்தபடி நிற்பார். பிறகுதான் அடுத்த பந்து. தூரத்திலிருந்து பார்த்தால் விடாமல் அடித்துக்கொண்டிருப்பதுபோல் தெரியும். உண்மையில் அது ஒவ்வொன்றும் தனித்தனியான ஒற்றை அடிகளின் வரிசை.

1948-ல் வெளிவந்த 'பவர் கோல்ஃப்' புத்தகத்தில் ஹோகன் இதை விளக்கியிருக்கிறார். அவரைப் பொறுத்தவரை பயிற்சி மைதானம் கைக்கான இடம் மட்டுமல்ல. கவனத்தைப் பழக்கும் இடமும் அதுதான். பயிற்சியில் சுற்றுப்புறத்தை மறந்து பழகியவருக்குப் போட்டியில் அது தானாக வரும் என்பது அவர் கட்சி.

இதில் ஒரு எளிய கணக்கும் இருக்கிறது. ஒரு கோல்ஃப் சுற்று நான்கு மணி நேரம் போகும். ஒரு ஸ்விங்குக்கு ஒன்றரை விநாடி என்று வைத்தால், 70 அடிகளுக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. மீதி நேரமெல்லாம் நடையும் காத்திருப்பும்தான். ஆகவே, நான்கு மணி நேரமும் பல்லைக் கடித்துக்கொண்டு கவனமாக இருப்பது கோல்ஃபில் தேவையில்லை. கவனத்தை விட்டுவிட்டு, வேண்டிய நொடியில் முழுதாகத் திரும்பக் கொண்டுவருவதுதான் தேவை. ஹோகனின் பயிற்சி முறை அதைத்தான் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை பழக்கியது.

அவருடைய கவனத்தைப் பற்றி கோல்ஃப் உலகம் இன்றும் சொல்லிச் சிரிக்கும் கதை ஒன்று உண்டு. 1947 மாஸ்டர்ஸ் போட்டியில் அவரோடு ஆடிய கிளாட் ஹார்மன், 12-வது குழியில் ஒரே அடியில் பந்தைக் குழிக்குள் போட்டுவிட்டார். கூட்டம் ஆர்ப்பரித்தது. அதே குழியை இரண்டு அடியில் முடித்த ஹோகன், அந்தக் குழியில் தனக்கு இவ்வளவு நன்றாக அமைந்தது இதுதான் முதல் தடவை என்றாராம். ஹார்மன் செய்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை!

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

ஹோகன் தன் அனுபவத்தில் கண்டுபிடித்ததற்கு உளவியல் பிற்பாடு பெயர் வைத்தது. ஆண்டர்ஸ் எரிக்சனும் சக ஆய்வாளர்களும் 1993-ல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு, பெர்லினில் வயலின் படித்த மாணவர்களைப் பற்றியது. சிறந்த மாணவர்கள் தனியாக அதிக நேரம் பயிற்சி செய்தார்கள் என்பது அதில் பாதி விஷயம்தான். அவர்கள் அதை ஒரே மூச்சில் செய்யவில்லை. இடைவெளி விட்டுச் செய்தார்கள், பகலில் குட்டித் தூக்கமும் போட்டார்கள் என்பது மீதிப் பாதி. முழுக் கவனத்தோடு செய்யும் பயிற்சி மனதைக் களைப்பாக்கும். ஓய்வில்லாமல் அதை நீட்டிக்க முடியாது.

காப்ரியேல் வுல்ஃப் 1999-ல் சக ஆய்வாளர்களோடு கோல்ஃப் புதிதாகப் பழகுபவர்களை வைத்து இன்னொன்றைக் காட்டினார். கைகள் எப்படி அசைகின்றன என்று கவனித்தவர்களைவிட, மட்டையின் அசைவைக் கவனித்தவர்கள் துல்லியமாக அடித்தார்கள். உடலுக்கு வெளியே உள்ள ஒன்றில் கவனம் நிற்பது நல்லது என்பதுதான் இதன் சாரம். தூரத்தில் நின்ற பையனை ஹோகன் குறியாக வைத்ததில் இந்தச் சூட்சுமம் அடங்கியிருக்கிறது. மணிக்கட்டு, முழங்கை, இடுப்பு என்று ஸ்விங்கை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்தவர்தான் அவர். ஆனால், அந்த ஆராய்ச்சியின் விடை ஒவ்வொரு முறையும் பையன் நிற்கும் இடத்தில்தான் தெரிந்தது.

1940-களின் நடுவில் ஹூக் ஒருவழியாக அடங்கியது. பிடியை மாற்றி, பந்து மெல்ல வலதுபுறம் சாய்ந்து இறங்கும்படி செய்துகொண்டார். 1946-ல் பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப், 1948-ல் மறுபடி பி.ஜி.ஏ., கூடவே யு.எஸ். ஓபன். எல்லாம் கூடிவந்த நேரம் அது.

மூடுபனியில் வந்த பேருந்து

1949 பிப்ரவரி 2. ஹோகனும் வாலரியும் காரில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். டெக்சாஸின் வான் ஹார்ன் அருகே கடும் மூடுபனி. லாரி ஒன்றை முந்திவந்த பேருந்து எதிரே பாய்ந்தது. மனைவியைக் காப்பாற்ற ஹோகன் அவர் மேல் குறுக்கே விழுந்தார். ஓட்டுநர் இருக்கையை ஸ்டியரிங் துளைத்துக்கொண்டு போனது. அங்கேயே உட்கார்ந்திருந்தால் அவர் பிழைத்திருக்க மாட்டார்.

இடுப்பெலும்பு, காறை எலும்பு, இடது கணுக்கால் எல்லாம் முறிந்தன. மருத்துவமனையில் காலில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போகும் ஆபத்து ஏற்பட்டது. நியூ ஆர்லியன்ஸிலிருந்து அறுவைச் சிகிச்சை நிபுணர் ஆல்டன் ஆக்ஸ்னரை விமானத்தில் வரவழைத்தார்கள். உடலின் கீழ்ப்பகுதியிலிருந்து ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுபோகும் பெரிய சிரையை அவர் கட்டி நிறுத்தினார். உயிர் தப்பியது, கால்களின் ரத்த ஓட்டம் வாழ்நாள் முழுக்கப் பழையபடி ஆகவில்லை.

59 நாட்கள் கழித்து வீடு திரும்பியவர் மறுபடி நடப்பாரா என்பதே சந்தேகமாக இருந்தது. இருட்டும்வரை நின்று அடித்தவருக்கு, இனி நிற்பதற்கே கணக்குப் பார்க்க வேண்டிய நிலை. போட்டிகளை ஆண்டுக்கு ஒரு சிலவாகக் குறைத்துக்கொண்டார். ஆடும் நாட்களில் வெந்நீர்த் தொட்டியில் நீண்ட நேரம் கால்களை ஊறவைத்து, கணுக்காலிலிருந்து தொடை வரை துணிப்பட்டை சுற்றிக்கொண்டுதான் கிளம்புவார்.

மெரியனில் ஒரு அடி

விபத்து நடந்து 16 மாதங்கள் கழித்து, 1950 ஜூனில் ஃபிலடெல்ஃபியா அருகே மெரியன் மைதானத்தில் யு.எஸ். ஓபன். அன்றைய வழக்கப்படி கடைசி நாளில் 36 குழிகள் ஆட வேண்டும். ஆரோக்கியமானவர்களுக்கே நாக்குத் தள்ளும். பிற்பகலில் ஹோகனின் கால்கள் மரத்துப்போயின. கையில் இருந்த முன்னிலை கரைந்துகொண்டே வந்தது.

கடைசிக் குழி. நான்கு அடியில் முடித்தால்தான் சமநிலையாவது மிஞ்சும். இலக்கு 200 கெஜத்துக்கும் மேல். ஹோகன் எடுத்தது 'ஒன் அயர்ன்'. லேசாகத் தப்பினாலும் பந்தை எங்கோ கொண்டுபோய்விடும், கையாளவே கடினமான மட்டை. பந்து போய் கிரீன் மேல் நின்றது. இரண்டு தட்டில் குழிக்குள் போட்டார். பின்னாலிருந்து ஹை பெஸ்கின் எடுத்த அந்த அடியின் புகைப்படம் கோல்ஃப் வரலாற்றின் மிகப் பிரபலமான படங்களில் ஒன்று. மறுநாள் பிளே-ஆஃபில் லாயிட் மாங்ரம், ஜார்ஜ் ஃபாஸியோ இருவரையும் தோற்கடித்துப் பட்டம் வென்றார்.

உடம்பு முழுதாகக் கைவிட்ட நேரத்தில் கைகொடுத்தது எது? அவர் அதற்கு முன் பயிற்சியில் ஆயிரக்கணக்கான தடவை செய்ததைத்தான் அங்கேயும் செய்தார்: குறி பார், முடிவெடு, அடி.

1953-ல் மாஸ்டர்ஸ், யு.எஸ். ஓபன், பிரிட்டிஷ் ஓபன் மூன்றையும் வென்றார். அந்த ஆண்டு ஆடியது ஆறே போட்டிகள், ஐந்தில் வெற்றி. பிரிட்டிஷ் ஓபனுக்காக ஸ்காட்லாந்தின் கார்னூஸ்டிக்கு இரண்டு வாரம் முன்பே போய்விட்டார். அங்கே பந்து சற்றே சிறியது, தரையும் இறுக்கமானது. இரண்டுக்கும் பழக வேண்டியிருந்தது. மாலை நேரங்களில் மைதானத்தைக் கடைசிக் குழியிலிருந்து முதல் குழி வரை பின்னோக்கி நடந்து பார்த்தார். போட்டியில் அவர் எடுத்த அடிகள் 73, 71, 70, 68. நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது. சிரிக்காத, பேசாத இந்தக் குட்டை மனிதருக்கு அவ்வூர் மக்கள் பனிக்கட்டி மனிதர் என்று செல்லப்பெயர் வைத்தார்கள்.

கவனமே எதிரியானபோது

இந்தக் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1950-களின் பிற்பாதியில் ஹோகனின் நீண்ட அடிகள் முன்போலவே துல்லியமாக இருந்தன. ஆனால், குழிக்குப் பக்கத்தில் பந்தை மெல்லத் தட்டிவிடும் 'பட்டிங்' அவரைக் கைவிட்டது. சிறிய தூரத்தில் நிற்கும் பந்தின் முன் குனிந்து நிற்பார். மட்டையைப் பின்னால் இழுக்கவே கை வராது. நிமிடம் போவதுபோல் இருக்கும். பார்ப்பவர்களுக்கே சங்கடமாக இருந்தது.

1960 யு.எஸ். ஓபனின் கடைசி நாளில், 47 வயதில், 34 குழிகள் வரை ஒரு கிரீனைக்கூடத் தவறவிடாமல் வந்தார். 35-வதில் பந்து தண்ணீரில் போய், பட்டமும் போனது. அன்று அவர் பட்டிங் பாதி ஒத்துழைத்திருந்தால் கதையே வேறு.

2000-களின் தொடக்கத்தில் உளவியலாளர் சியான் பைலாக், தாமஸ் கார் செய்த பட்டிங் சோதனைகள் இதைப் புரிந்துகொள்ள உதவுகின்றன. நன்கு பழகிய ஒரு செயலை, நெருக்கடியில் மனம் படிப்படியாகப் பிரித்துக் கண்காணிக்கத் தொடங்கினால் அந்தச் செயல் தடுமாறும். தானாக நடக்கிற கால், ஒவ்வொரு அடியையும் யோசித்தால் இடறுவதுபோல. விபத்தில் ஹோகனின் இடது கண்ணும் பாதிக்கப்பட்டிருந்தது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். எப்படியானாலும், எதை வைத்து ஜெயித்தாரோ அந்தக் கவனம் பட்டிங்கில் அவருக்குச் சுமையானது.

எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது?

நீண்ட பயிற்சியில் மனம் அலைவது ஒழுக்கக் குறைவு அல்ல. மனதுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாததுதான் காரணம் என்பது ஹோகனின் வாழ்க்கையிலிருந்து தெரிகிறது. ஒவ்வொரு பந்துக்கும் ஒரு குறி, அடிக்கும் முன் ஒரு தீர்மானம், அடித்த பிறகு ஒரு சின்ன யோசனை, பிறகு இடைவெளி. சிகரெட்டை மட்டும் விட்டுவிடலாம்! நூறு பந்தை இப்படி அடிக்க முடியவில்லை என்றால் முப்பதோடு நிறுத்திவிட்டு, தண்ணீர் குடித்து, உட்கார்ந்துவிட்டு வரலாம். அதே சமயம், பழகிவிட்ட ஒன்றை ஆட்டத்தின் நடுவே பிரித்து ஆராயக் கூடாது. அதற்குப் பயிற்சி மைதானம் இருக்கிறது.

1957-ல் ஹோகன் வெளியிட்ட 'ஃபைவ் லெசன்ஸ்' புத்தகம் இன்றும் கோல்ஃப் கற்பவர்களின் கையில் இருக்கிறது. 1971-ல் கடைசியாகப் போட்டியில் ஆடினார். ஆனால், பயிற்சியை நிறுத்தவில்லை. ஃபோர்ட் வொர்த்தின் ஷேடி ஓக்ஸ் கிளப்பில், ஜெயிக்க வேண்டிய போட்டி எதுவும் இல்லாத வயதிலும், ஆளில்லாத ஓரமாகப் போய் நின்று பந்தடிப்பார். தூரத்தில் பையோடு ஒரு பையன் நிற்பான். ஹோகன் அவனைப் பார்ப்பார், யோசிப்பார், அடிப்பார்.

1997 ஜூலை 25 அன்று, 84 வயதில் அதே ஊரில் காலமானார்.